திருத்திக் காட்டலாமா?

அத்தியாயம் 17

போன வாரம் தெருமுனையில் பைக்கை நிறுத்திய சின்னவன், ஜன்னலில் அம்மா நிற்பதைப் பார்த்ததும் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் வந்த வழியே திரும்பிப் போனான். அம்மா அவனைப் பார்த்தாளா இல்லையா என்பது அவளுக்குத்தான் தெரியும். அவளுக்குக் கண்ணும் சரியில்லை, வாயையும் திறக்கவில்லை.

அதன் பிறகு ஆறு நாள் போயிற்று. ஆறும் ஒரே நாள் மாதிரி இருந்தன.

அப்பா போய் ஆறு வாரம் ஆகிறது. வீட்டில் மிச்சம் இருப்பது இரண்டு பேர். பெரியவள் காலையில் எழுந்து, பல் தேய்த்து, கேமராப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வேலைக்குப் போவாள். அம்மா அடுப்பைப் பற்றவைப்பாள், அணைப்பாள். இரண்டு பேரும் அழுது தீர்த்துவிட்டார்கள் என்று அக்கம்பக்கத்தில் பேசிக்கொண்டார்கள். உண்மையில் இரண்டு பேரும் இன்னும் ஆரம்பிக்கவே இல்லை.

புதன்கிழமை காலை ஏழே முக்காலுக்கு அம்மா பேச்சை எடுத்தாள்.

"அந்த ஜன்னல் படத்தைப் பெரிசா போட்டுத் தரேன்னியே."

"போடலாம்மா. ஞாயித்துக்கிழமை நானே போடுறேன்."

"நாலு வாரமா ஞாயித்துக்கிழமை வந்துட்டுத்தான் இருக்கு."

பெரியவள் டப்பாவை மூடினாள். மூடி சரியாக உட்காரவில்லை. திரும்பத் திறந்து மூடினாள்.

"அவர் சிரிக்கிற படம் வேற ஒண்ணுகூட இல்லடி. கல்யாணப் படத்துல பாரு, பரீட்சை எழுதப் போறவர் மாதிரி நிக்கிறார்."

"இன்னைக்கு உனக்கு ஆஸ்பத்திரி. புதுக் கண்ணாடி தராங்க. அதை வாங்கிட்டு வா. படம் அப்புறம் பார்க்கலாம்."

"சரி" என்றாள் அம்மா. அம்மா 'சரி' என்றால் இரண்டு அர்த்தம் உண்டு என்பது பெரியவளுக்குத் தெரியும். ஆனால் இந்த ஆறு வாரமாக அவளுக்கு எதையும் இரண்டாவது தடவை யோசிக்கத் தெம்பு இல்லை. கிளம்பிவிட்டாள்.

பெரியவளின் வேலை மூக்குக்கண்ணாடிக் கம்பெனியில். புது பிரேம்களை விளம்பரப் புத்தகத்துக்காகப் படம் எடுக்க வேண்டும். ஒரு நாளைக்கு நாற்பது பிரேம். வெள்ளை மேசை, இரண்டு பக்கமும் விளக்கு, நடுவில் ஒரு கண்ணாடி.

இந்த வேலையில் ஒரே ஒரு எதிரிதான் உண்டு, எதிரொளிப்பு. மூக்குக்கண்ணாடியைப் படம் எடுத்தால் அதற்குள் அறை தெரியும், விளக்கு தெரியும், படம் எடுக்கிறவள் தெரிவாள். அதனால் அவள் ஒரு கறுப்பு அட்டைக்குப் பின்னால் உட்கார்ந்து, அட்டையில் போட்ட ஓட்டை வழியாகக் கேமராவை நீட்டுவாள். அப்போது கண்ணாடிக்குள் வெறும் கறுப்பு தெரியும். அதற்குப் பின்னால் ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள் என்று புத்தகத்தைப் புரட்டுகிற யாருக்கும் தெரியாது.

பத்தரை மணிக்கு டீ வந்தது. பதினோராவது பிரேமோடு நிறுத்திவிட்டு, போனை எடுத்தாள்.

படம் எடுக்கிறவர்கள் ஒரு நூற்றிருபது பேர் சேர்ந்த குழு ஒன்று அந்தப் போனில் இருந்தது. படத்தைப் போட்டால் மற்றவர்கள் குறை நிறை சொல்வார்கள். போடும்போது மூன்று கேள்விக்குப் பதில் எழுத வேண்டும். படத்தின் பெயர் என்ன, எதைப் பற்றிக் கருத்து வேண்டும், மூன்றாவதாக, 'பிறர் இந்தப் படத்தைத் திருத்திக் காட்டலாமா? ஆம் / இல்லை.'

அந்த மூன்றாவது கேள்வியைக் கொண்டுவந்ததே பெரியவள்தான். போன வருஷம் அதற்காகக் குழுவில் பத்து நாள் சண்டை நடந்தது. பிரிண்ட் போடும் லேப்காரர் ஒற்றைக் காலில் நின்றார். "என் படத்துல அடுத்தவன் கை வைக்கிறதா? என் சட்டை சரியில்லேன்னா வாயால சொல்லுங்க. கழட்டித் தைச்சுக் காட்டாதீங்க" என்று எழுதினார். பெரியவள் நிதானமாகப் பதில் போட்டாள். "வெளிச்சத்தை வார்த்தையில் சொல்லிப் புரியவைக்க முடியாது, செய்து காட்டினால் புரியும். என் படம் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. நீங்கள் தொடுவது நகலைத்தான். நகல் என்ன ஆனால் எனக்கென்ன?"

அவள்தான் ஜெயித்தாள். அன்றிலிருந்து அவள் போட்ட ஒவ்வொரு படத்துக்கும் 'ஆம்'. கை தானாகப் போய்விடும்.

திங்கட்கிழமை அப்பாவின் ஜன்னல் படத்தைப் போட்டபோதும் கை தானாகத்தான் போனது. அந்தப் படம் நன்றாக இருக்கிறதா, வெறும் அப்பா படமா என்று அவளுக்கே தெரியவில்லை. பார்த்தால் ஒன்றும் தோன்றவில்லை. யாராவது சொன்னால் தேவலை என்று போட்டாள்.

இப்போது நாற்பத்தாறு பதில் வந்திருந்தது. எல்லாவற்றுக்கும் மேலே 'ஆந்தைக்கண்' என்ற பெயரில் எழுதுகிறவர் முந்தின நாள் போட்டது.

"அருமையான படம். ஆனால் பெரியவருக்குப் பின்னால் கதவுப் பக்கம் முழுக்க இருட்டு அடைத்துக் கிடக்கிறது. அந்த இருட்டைக் கொஞ்சம் வெளிச்சமாக்கிப் பார்த்தேன். அட, அங்கே ஒரு ஆள்! கையில் டம்ளரோடு நிற்கிறார், சிரிக்கிறார். இவரைப் போய் ஏன் இருட்டில் தள்ளினீர்கள்? இவர் ஏதோ சொல்லித்தான் பெரியவர் சிரிக்கிறார் என்று இப்போதுதான் புரிகிறது. திருத்திய படம் கீழே."

கீழே படம் இருந்தது. ஜன்னலோர நாற்காலியில் அப்பா. பின்னால், கதவு நிலையில் சாய்ந்துகொண்டு, கட்டம் போட்ட சட்டையில் சின்னவன்.

டீயில் ஆடை படிந்துவிட்டது. பெரியவள் அதை விரலால் ஒதுக்கினாள். நெஞ்சு அடித்துக்கொள்ளும் என்று எதிர்பார்த்தாள். அடித்துக்கொள்ளவில்லை. ஆந்தைக்கண் சொன்னது சரி என்று மட்டும் தோன்றியது. அதுதான் நல்ல படம்.

நாலு வருஷத்துக்கு முந்திய கதையை இங்கே சொல்லியாக வேண்டும். அப்பா யார் யாரிடமோ பல்லைக் காட்டி, தன் ஆபீசிலேயே சின்னவனுக்கு ஒரு வேலை வாங்கிக் கொடுத்தார். ஒன்பதாம் நாள் அவன் அதை விட்டுவிட்டு லிஃப்ட் ரிப்பேர் செய்யும் கம்பெனியில் போய்ச் சேர்ந்தான். "இனிமே அவன் இந்த வீட்டுக்குள்ள கால் வைக்கக் கூடாது. யாரும் அவன்கூடப் பேசவும் கூடாது" என்றார் அப்பா. கோபத்தில் சொன்னார். அம்மா அதை உத்தரவாக எடுத்துக்கொண்டாள்.

பெரியவள் மட்டும் அவனோடு போனில் பேசுவாள். அதை அப்பா காதில் போட்டுக்கொள்ளாமல் இருந்தார். அம்மா அப்படி இல்லை. மகன் போன் அடித்தால் எடுக்கவில்லை. பஸ்ஸில் எதிர்ப்பட்டால் அடுத்த நிறுத்தத்தில் இறங்கினாள். அப்பா போன அன்றைக்குக்கூட அவன் பக்கம் முகத்தைத் திருப்பவில்லை. நாலு வருஷம் ஒரு நாள்கூடப் பிசகவில்லை.

பிசகியவர் அப்பாதான்.

படுக்கையில் விழுந்த பிறகு ஒரு நாள் பெரியவளைக் கூப்பிட்டு, "அவனை வரச் சொல்லு. புதன்கிழமை. உங்கம்மா ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பா" என்றார். அம்மாவுக்குக் கண்ணில் சொட்டு மருந்து, பரிசோதனை, ஆபரேஷன், மறுபடி பரிசோதனை என்று புதன்கிழமை தவறாமல் போக வேண்டியிருந்தது. பெரியவளும் புதனன்று லீவு போட்டுவிட்டு, அம்மாவைப் பஸ் ஏற்றிவிட்டு வருவாள். சின்னவன் பத்து மணிக்கு வருவான். மணியை இரண்டு தடவை குட்டியாக அடிப்பான். கிரீஸ் படிந்த யூனிஃபார்மைக் கழற்றிவிட்டு அப்பாவின் பழைய சட்டையைப் போட்டுக்கொள்வான். அப்பாவுக்கு நகம் வெட்டிவிடுவான். லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்கள் உள்ளேயிருந்து என்னென்ன திட்டினார்கள் என்று நடித்துக் காட்டுவான். பன்னிரண்டுக்குக் கிளம்பிவிடுவான்.

"அம்மாகிட்ட சொல்லிடுங்கப்பா" என்று பெரியவள் சொல்லாத வாரம் இல்லை.

"சொல்றேன். அடுத்த வாரம். உங்கம்மாவைப் பார்த்தா எனக்கே பயமா இருக்கு. நான் என்னைக்கோ சொன்னதை அவ அப்படியே பிடிச்சிட்டு நிக்கிறா. நான் எப்பவோ கையை விட்டுட்டேன்னு இப்போ எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டுச் சொல்றது?"

அந்த அடுத்த வாரம் வரவில்லை.

ஜன்னல் படம் கடைசிப் புதனில் எடுத்தது. அதை அம்மாவுக்குக் காட்டும் முன்பே பெரியவள் கதவுப் பக்கத்தை இருட்டாக்கினாள். நினைத்திருந்தால் தம்பியை இரண்டு நிமிஷத்தில் அழித்து, அந்த இடத்தில் வெறும் கதவை வைத்திருக்கலாம். ஓரத்தை வெட்டிவிட்டிருக்கலாம். அவளுக்கு ஒரு பழக்கம் உண்டு. படத்தில் இருப்பதை எடுக்க மாட்டாள், இல்லாததை வைக்க மாட்டாள். வெளிச்சத்தை ஏற்றுவாள், இறக்குவாள், அவ்வளவுதான். அதோடு, நாலு வருஷமாக எல்லாரும் அழித்துக்கொண்டிருக்கிற ஒருவனைத் தானும் அழிக்கக் கை வரவில்லை. அதனால் முழுக் கறுப்புக்கு ஒரு படி முன்னால் நிறுத்தினாள். கண்ணுக்குத் தெரியாது, ஆனால் அவன் அங்கேயே இருப்பான்.

ஆந்தைக்கண்ணுக்குத் தனியாக எழுதினாள். "உங்க திருத்தத்தை எடுத்துடுங்க, ப்ளீஸ்."

உடனே பதில் வந்தது. "ஏங்க, தப்பா பண்ணிட்டேனா?"

"இல்ல. நல்லா பண்ணியிருக்கீங்க."

"அப்புறம்?"

"எடுத்துடுங்க."

"நீங்கதானே 'ஆம்'னு போட்டிருக்கீங்க? அந்தக் கேள்வியையே நீங்கதான் கொண்டுவந்தீங்க. நான் அன்னைக்கு உங்க பக்கம்தான் நின்னேன்."

"நான் கேட்டது வெளிச்சத்தைப் பத்தி மட்டும்."

"நான் சொன்னதும் வெளிச்சத்தைப் பத்தித்தாங்க."

ஒரு நிமிஷம் கழித்து அவரே எழுதினார். "உங்க படம், உங்க இஷ்டம். எடுத்துட்டேன். ஆனா நேத்துலேர்ந்து கிடக்கு. எத்தனை பேர் பாத்தாங்களோ."

பார்த்தவர்கள் யாரும் அம்மாவுக்குத் தெரிந்தவர்கள் இல்லை. ஒருவரைத் தவிர. அந்த ஒருவர் பெரியவளுக்கு அப்போது ஞாபகத்துக்கு வரவில்லை. பன்னிரண்டாவது பிரேமை எடுத்து மேசையில் வைத்தாள்.

மத்தியானம் மூன்றரைக்கு லேப்காரர் கூப்பிட்டார்.

"ஏம்மா, படம் பிடிச்சுதான்னு அம்மா ஏதாவது சொன்னாங்களா?"

"என்ன படம் அண்ணா?"

"அப்பா படம்தான். காலையில ஒன்பது மணிக்கு வந்தாங்களே. ஜன்னல் படம் வேணும்னாங்க. உன்னைக் கேட்கலாம்னேன். 'அவளைக் கேட்டா ஞாயித்துக்கிழமைம்பா'ன்னாங்க."

பெரியவள் கறுப்பு அட்டைக்குப் பின்னாலேயே உட்கார்ந்திருந்தாள்.

"எந்தப் படத்தைப் போட்டீங்க?"

"குரூப்புல ரெண்டு இருந்துச்சில்ல? பக்கத்துல பக்கத்துல வெச்சுக் காட்டினேன். 'எனக்கு இருட்டுல ஒண்ணும் தெரியல, வெளிச்சமா இருக்கிறதைப் போடுங்க'ன்னாங்க. எனக்கு மனசே இல்ல. அடுத்தவன் கை வெச்ச படம். ஆனா அம்மா கேட்கிறாங்க, என்ன பண்றது? எட்டுக்குப் பத்து இஞ்ச் சைஸ்ல போட்டேன். ரெண்டு மணிக்கு ஆஸ்பத்திரிலேர்ந்து வரும்போது வாங்கிட்டுப் போனாங்க."

"புதுக் கண்ணாடி போட்டிருந்தாங்களா?"

"போட்டிருந்தாங்களே! கடை போர்டை எழுத்துக் கூட்டிப் படிச்சுட்டு, 'இவ்வளவு பெரிசாவா எழுதியிருக்கீங்க'ன்னாங்க. ஆமா, பின்னால நிக்கிறது யாரும்மா? பார்த்த முகமா இருக்கு."

"அப்புறம் பேசறேண்ணா."

இருபத்தெட்டாவது பிரேமோடு விளக்கை அணைத்தாள். சின்னவனைக் கூப்பிட்டாள். நாலு தடவை அடித்த பிறகு எடுத்தான். பின்னால் இரும்புச் சத்தம்.

"என்னக்கா? எட்டாம் மாடிக்கும் ஒன்பதாம் மாடிக்கும் நடுவுல தொங்கிட்டிருக்கேன்."

சொன்னாள். ஒழுங்காக, ஒன்றன்பின் ஒன்றாக, கடிதம் எழுதுகிற மாதிரி சொன்னாள். இரும்புச் சத்தம் நின்றது.

"கடைசிப் புதன் படமா?"

"ம்."

"நான் நல்லா இருக்கேனா அதுல?"

"டேய்."

"இல்ல, அம்மா பார்க்கிறாளே. அதான் கேட்டேன்." கையிலிருந்த ஸ்பேனரை எங்கோ வைக்கிற சத்தம் கேட்டது. "தெரிஞ்சா தெரியட்டும் அக்கா. அப்பா என்னைக் கூப்பிட்டார்னு தெரிஞ்சா எனக்கு நல்லதுதானே?"

"உனக்கு நல்லது. அவளுக்கு? அப்பா சொன்னார்ங்கிற ஒரே காரணத்துக்காக அவ உன்னைத் தள்ளி வெச்சாடா. அந்தக் காரணமே இல்லேன்னு இன்னைக்கு யாரோ முகம் தெரியாத ஆள் வெளிச்சம் போட்டுக் காட்டிட்டான். நாலு வருஷத்தை அவ எங்கே கொண்டுபோய்க் கொடுப்பா?"

"நான் வரேன்."

"வராதே."

"ஆறு மணிக்கு வரேன்" என்று சொல்லி வைத்துவிட்டான். அவன் அப்பா மாதிரி.

வீட்டுக்கு வரும்போது ஐந்தரை. கதவு சாத்தியிருந்தது, பூட்டவில்லை. அம்மா சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தாள். ஆஸ்பத்திரிக்குக் கட்டிக்கொண்டு போன புடவையை மாற்றவில்லை. தண்ணீர் ஜாடியின் மேல் சாய்த்து வைத்த படம் அவள் முன்னால் இருந்தது. மூக்கில் புதுக் கண்ணாடி. அதன் பிரேம் பெரியவள் போன மாதம் படம் எடுத்த அதே மாடல், அம்மாவுக்கென்று அவளே தேர்ந்தெடுத்தது.

"பிரேம் நல்லா இருக்கா?" என்றாள் அம்மா.

"நல்லா இருக்கும்மா."

"எல்லாம் தெரியுது. சுவத்துல ஒரு விரிசல் இருக்கே, அது எப்போ வந்துச்சு?"

"ரொம்ப நாளா இருக்கும்மா."

"ஓ."

பெரியவள் பையைக் கீழே வைத்தாள். நாற்காலியை இழுக்கவில்லை, நின்றாள். ஆறு வாரமாகக் கை கால் எல்லாம் யாருடையதோ மாதிரிதான் இருந்தது. இப்போதும் அப்படியே இருந்தது.

அம்மா படத்தில் கதவுப் பக்கமாக ஒரு விரலை வைத்தாள்.

"இது அவரோட கட்டம் போட்ட சட்டை. காலர்கிட்ட கறுப்பா ஒரு கறை இருந்துச்சு. என்னன்னு கேட்டேன். பேனா மைன்னார். படுக்கையில கிடக்கிறவருக்குப் பேனா எதுக்குன்னு எனக்குத் தோணலை பாரு. பேனா மை சோப்புக்குப் போகும். இது போகலை. மூணு வாட்டி தேய்ச்சேன்."

"கிரீஸும்மா."

"தெரியுது. இப்போ."

வெளியே யாரோ சைக்கிளை நிறுத்தும் சத்தம் கேட்டது. பெரியவள் கடிகாரத்தைப் பார்த்தாள். ஐந்து நாற்பது.

"எத்தனை புதன்?"

பெரியவள் பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்தாள். இது ஒன்றுதான் என்று சொல்லலாம், ஒரே ஒரு நாள் வந்தான் என்று. யோசித்துக்கொண்டிருக்கும்போதே வாய் சொல்லிவிட்டது.

"பதினாலு."

அம்மா தலையை ஆட்டினாள். டாக்டர் கண்ணாடியின் பவர் சொன்னால் ஆட்டுவாளே, அப்படி.

"பதினாலு புதன் நான் அந்த ஆஸ்பத்திரி பெஞ்சுல உட்கார்ந்திருக்கேன். கிளம்பும்போது சீக்கிரம் வந்துடுறேங்கன்னு சொல்வேன். 'நிதானமா வா, பஸ்ஸுல அவசரப்பட்டு ஏறாதே'ம்பார். முப்பத்தஞ்சு வருஷத்துல அப்படி ஒரு நாள் சொன்னதில்ல. உடம்பு முடியாமப் போனதும் மனுஷனுக்கு என்ன அக்கறை வந்துடுச்சுன்னு நினைச்சேன். பெஞ்சுல பக்கத்துல இருந்தவங்ககிட்டகூடச் சொல்லியிருக்கேன்."

"சொல்லணும்னுதான் இருந்தார்மா. ஒவ்வொரு வாரமும் அடுத்த வாரம்னார். உன்கிட்ட சொல்லப் பயம் அவருக்கு."

"என்கிட்டயா?"

"ஆமா."

"நான் என்ன பண்ணேன்?" அம்மாவின் குரல் ஏறவில்லை. சந்தேகம் கேட்கிற மாதிரிதான் கேட்டாள். "அவர் சொன்னதைத்தானே பண்ணேன்."

பெரியவள் சுவரிலிருந்த விரிசலைப் பார்த்தாள்.

"ரெண்டு வருஷத்துக்கு முன்னால சின்னவன் காய்ச்சல்ல கிடக்கான்னு வந்து சொன்னே. ஞாபகம் இருக்கா? பதினோரு நாள் காய்ச்சல். நீதான் கஞ்சி கொண்டுபோனே. நான் அரிசியைப் போட்டு வேகவெச்சுக் கொடுத்தேன். கூட வரலை. வாசல் வரைக்கும் வந்து செருப்பை மாட்டிட்டுக் கழட்டினேன்."

"பார்த்தேம்மா."

"அவர் சொன்னார்னு கழட்டினேன்." படத்தை ஜாடியிலிருந்து எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டாள். "போன வாரம் தெருமுனையில நின்னது அவன்தானே?"

"ஆமா."

"யாரோன்னு நினைச்சேன். இல்ல. யாரோன்னு நினைச்சுக்கிட்டேன்."

அம்மா படத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள், பிறகு தள்ளிப் பிடித்தாள். புதுக் கண்ணாடிக்கு இன்னும் தூரம் பிடிபடவில்லை.

"லேப்காரர் ஏதேதோ சொன்னார். இந்தப் படத்துல முன்னால இந்த இடம் இருட்டா இருந்துச்சாம். நீ அப்படி வெச்சியாம். வேற யாரோ வெளிச்சமாக்கிட்டாங்களாம். அப்படியா?"

"அப்படித்தாம்மா."

"எதுக்கு இருட்டாக்கினே?"

"நீ பார்க்கக் கூடாதுன்னு."

"ம்." கண்ணாடியை மூக்கில் ஏற்றிவிட்டுக்கொண்டு, "மறுபடியும் இருட்டாக்க முடியுமா?" என்றாள்.

பெரியவளுக்கு மூச்சு வந்த மாதிரி இருந்தது. இதுதான் வழி. பழைய படத்தை எட்டுக்குப் பத்தில் போட்டு மாட்டிவிடலாம். கதவுப் பக்கம் இருட்டாக, அப்பா சிரிப்போடு. தெரிந்தது தெரிந்தாகிவிட்டது, ஆனால் தினமும் பார்க்க வேண்டியதில்லை. பத்து நிமிஷ வேலை.

"முடியும்மா. நாளைக்கே பண்ணிடறேன். என்கிட்ட இருக்கிற படத்துல தம்பி தெரியவே..."

"அவனை இல்லை" என்றாள் அம்மா. "அவரை."

பெரியவள் அம்மாவைப் பார்த்தாள். கண்ணாடியில் ஜன்னல் தெரிந்தது, மேசை தெரிந்தது, நின்றுகொண்டிருக்கிற அவளே இரண்டாகத் தெரிந்தாள். அம்மாவின் கண் மட்டும் தெரியவில்லை.

"அவன் இருக்கட்டும். டம்ளரைப் பிடிச்சிட்டு நல்லா சிரிக்கிறான். நாலு வருஷத்துல கொஞ்சம் சதை போட்டிருக்கான். அவன் இருக்கட்டும். நாற்காலியில வெளிச்சம் வேண்டாம். முடியும்தானே?"

"முடியும்" என்றாள் பெரியவள். முடியும் என்பது உண்மைதான். ஒரு பக்கம் இறக்குவதும் இன்னொரு பக்கம் இறக்குவதும் ஒரே வேலை.

"உன் படம். உன்னைக் கேட்காமப் பண்ணக் கூடாதுன்னு லேப்காரர் சொன்னார். காலையில கேட்காமப் போட்டுட்டேன். அதான் இப்போ கேட்கிறேன். பண்ணலாமா, கூடாதா?"

நூற்றிருபது பேரிடம் பத்து நாள் வாதாடி ஜெயித்தவள் அவள். ஒவ்வொரு படத்துக்கும் 'ஆம்' போட்ட கை. அந்தக் கை மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றது. ஆம் என்றால் அப்பா இருட்டில் போவார். இல்லை என்றால் அம்மா தினமும் அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டு சாப்பிட வேண்டும்.

"அம்மா..."

வாசல் மணி அடித்தது. இரண்டு தடவை, குட்டியாக.

அம்மா அசையவில்லை. மணி அடித்து ஓய்ந்த இடத்தையே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இப்படித்தான் அடிப்பானா?"

"ஆமாம்மா."

"பதினாலு புதனும்?"

"ஆமா."

அம்மா எழுந்தாள். புடவையைச் சரிசெய்துகொண்டாள். பெரியவள் அவள் வாசலுக்குத்தான் போகிறாள் என்று நினைத்து வழிவிட்டு நின்றாள். அம்மா படத்தை மார்போடு அணைத்தபடி உள் அறைப் பக்கம் திரும்பினாள்.

"போய்த் திற. வாசல்ல நிக்கவிடாதே. குடிக்க ஏதாவது கொடு."

"நீ?"

"நான் இல்லைன்னு சொல்லு. புதன்கிழமைதானே, ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கேன்னு சொல்லு."

அறைக் கதவு சாத்திக்கொண்டது. தாழ்ப்பாள் விழும் சத்தத்துக்காகப் பெரியவள் காத்திருந்தாள். அது விழவில்லை.

வாசலில் மணி மறுபடியும் அடித்தது. இந்தத் தடவை ஒரே ஒரு முறை, நீளமாக.